ட்ரில்லில் பூட்டும் ஐஸ் ஆகர்: விலைச்சீட்டில் எழுதப்படாத செலவுகள்

தை பிறந்து ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஐஸ் பிடிக்கத் தொடங்கியதும், மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வீட்டில் இருக்கும் பற்றரி ட்ரில்லில் பூட்டி ஐஸில் துளை போடக்கூடிய, திருகுபோன்ற இலேசான ஆகர் ஒன்றுக்கு 200 டொலர் கொடுப்பது தகுமா, அல்லது அதைவிட நான்கு மடங்கு விலை போகும், சொந்த மோட்டாரும் பற்றரியும் உள்ள முழு மின் ஆகரையே வாங்கிவிடுவது நல்லதா என்பதே அந்தக் கேள்வி. நான் 6 அங்குல ஸ்ட்ரைக்மாஸ்டர் லைட்-ஃப்ளைட் ஆகரை மூன்று குளிர்காலங்களாகப் பாவித்து வருகிறேன். என்னோடு வரும் நண்பர் கே-ட்ரில் என்ற பெயருள்ள ஏழரை அங்குல ஆகர் வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஐஸில், ஒரே ட்ரில்லில் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னர் கையால் சுற்றும் ஆகர் ஒன்றும், பழையதாக வாங்கிய பெற்றோல் ஆகர் ஒன்றும் என்னிடம் இருந்தன. இவற்றுக்கெல்லாம் என் கைப்பணமே போனது என்பதால், செலவைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியில் நாம் பணம் கொடுத்து வாங்குவது எடைக்குறைவைத்தான். என்னிடம் இருந்த பெற்றோல் ஆகர் 30 இறாத்தலுக்கு மேல் இருந்தது. ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களுக்கு அது பொருட்டல்ல. நாங்களோ சிம்கோவின் குக்ஸ் விரிகுடாவின் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, கூடாரம், வாளி, சிறு ஹீட்டர், சாப்பாடு எல்லாவற்றையும் ஸ்லெட்டில் ஏற்றி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்து போகிறவர்கள். காற்று வடக்கிலிருந்து முகத்தில் அடிக்கும் காலையில் அந்த 30 இறாத்தல் என்ன செய்யும் என்பதை இழுத்தவர்களே அறிவார்கள். ட்ரில்லில் பூட்டும் ஆகர்களின் எடை, விட்டத்தையும் ஆக்கப்பட்ட பொருளையும் பொறுத்து, பெரும்பாலும் 4 முதல் 6 இறாத்தல் வரைதான். லைட்-ஃப்ளைட் போன்றவற்றில் தண்டைச் சுற்றியுள்ள சுருள் உலோகமாக இல்லாமல் கலவைப் பிளாஸ்ரிக்காக இருப்பதே இந்த இலேசுக்குக் காரணம். ட்ரில்லையும் 5 அம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பற்றரியையும் சேர்த்தாலும் முழுச் சுமை 11 இறாத்தலைத் தாண்டுவதில்லை. முழு மின் ஆகர்கள் பல 20 இறாத்தலுக்கு மேல் இருக்கின்றன.

இந்தக் குறைவு நடப்பதை மட்டுமா இலகுவாக்குகிறது? பேர்ச் மீன் கூட்டமாக அலைந்து திரியும் மீன். காலை எட்டு மணிக்கு நிறைந்திருந்த இடம் பத்து மணிக்கு வெறிச்சோடிவிடும். ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடிப்பில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் மட்டுமே போடலாம் என்பதால், நிறையத் துளைகள் போடுவது நிறையத் தூண்டில் போடுவதற்கல்ல, மீன் நிற்கும் இடத்தைத் தேடுவதற்கு. பெற்றோல் ஆகர் வைத்திருந்த காலத்தில், அதை மீண்டும் தூக்கி, இழுத்து, கயிறு சுண்டிக் கிளப்ப வேண்டுமே என்ற அலுப்பில், மீன் போய்விட்ட துளைக்கருகிலேயே குந்தியிருந்த நாட்கள் எனக்குப் பல. இப்போது ட்ரில்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளி ஒரு துளை, அதிலிருந்து இருபது அடியில் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறேன். என் வாளியில் மீன் கூடியதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, வாங்கும்போது பலரும் தவறவிடும் கணக்குக்கு வருகிறேன். கடையில் 6 அங்குல ஆகரும் 8 அங்குல ஆகரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். விலையில் 20 அல்லது 30 டொலர்தான் வித்தியாசம் இருக்கும், ஆகவே பெரியதையே எடுப்போம் என்ற எண்ணம் இயல்பாக வரும். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 12 அங்குலத் தடிப்பான ஐஸில் 8 அங்குலத் துளை போட்டால் நாம் வெட்டி வெளியே எடுக்கும் ஐஸ் ஏறக்குறைய 9 கிலோ. அதே தடிப்பில் 6 அங்குலத் துளைக்கு 5 கிலோவை ஒட்டியே வரும். இரண்டு அங்குலம் குறைத்ததில், முன்னைய வேலையில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான அளவே மிஞ்சுகிறது. பற்றரி, ட்ரில்லின் மோட்டார், மணிக்கட்டு என்ற மூன்றும் இந்த வித்தியாசத்தை நாள் முழுவதும் சுமக்கின்றன. ஒரு 5 அம்பியர்-மணிப் பற்றரியில், காற்றில்லாத மிதமான குளிர்நாளில், 12 அங்குல ஐஸில் 30 துளைகளுக்குக் குறையாமல் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதே ட்ரில்லில் நண்பரின் ஏழரை அங்குலத்தைப் பூட்டிய அன்று 20ஐத் தாண்டியதும் ட்ரில் திணறத் தொடங்கியது. 8 அங்குலம் வாங்குகிறவர் இரண்டாவது பற்றரிக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டும், அதுவோ ஆகரின் விலையை நெருங்கும் தொகை.

8 அங்குலம் வேண்டாத ஒன்று என்று நான் சொல்லவில்லை. சிம்கோவின் கெம்பென்ஃபெல்ட் விரிகுடாவின் ஆழத்தில் லேக் ட்ரவுட் என்ற பெரிய மீனுக்குப் போகிறவர்களுக்கு 6 அங்குலத் துளை இறுக்கமாகத்தான் இருக்கும். பெரிய மீன் துளையின் விளிம்பில் தலையைக் குறுக்கே வைத்துவிட்டால் நைலோன் நூல் ஐஸில் உரசி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. மீன் காட்டும் சோனார் கருவியின் உணரியையும் தூண்டில் நூலையும் ஒரே துளையில் இறக்குகிறவர்களுக்கும் 6 அங்குலம் நெருக்கடியானது. பேர்ச்சுக்கும், ஹெரிங்குக்கும், நடுத்தர அளவிலான வைட்ஃபிஷ்ஷுக்கும் 6 அங்குலம் தாராளம். நான் போகும் நாட்களில் பத்துக்கு எட்டு பேர்ச்சுக்கானவை என்பதால் என் தெரிவு எனக்குப் பொருந்தியது. கே-ட்ரில்லில் உள்ள ஏழரை அங்குலம் இரண்டுக்கும் இடையில் நல்ல சமரசம். ட்ரவுட்டுக்கும் பேர்ச்சுக்கும் சம அளவில் போகிறவருக்கு அதையே சொல்வேன்.

அடுத்தது ட்ரில். "எங்கட வீட்டிலயும் ட்ரில் இருக்குதே அண்ணை" என்று சொல்கிறவர்களிடம் நான் உடனே கேட்பது, அது பிரஷ்லெஸ் (உள்ளே உரசித் தேயும் கரித்துண்டு இல்லாத) மோட்டாரா, அரை அங்குல சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ளதா, பக்கக் கைப்பிடி பூட்ட இடமிருக்கிறதா என்பவற்றைத்தான். திரைச்சீலைக் கம்பி பூட்டுவதற்கு வாங்கிய சிறிய 12 வோல்ட் ட்ரில் இதற்கு ஆகாது. 18 வோல்ட் என்பதே தொடக்கம். சில நிறுவனங்கள் பெட்டியில் 20 வோல்ட் மெக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும் அது இயங்கும்போது 18 வோல்ட்தான், ஆகவே அந்த எண்ணைக் கண்டு ஒன்றைவிட மற்றது பலமானது என்று எண்ண வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது முறுக்கு விசையை. 6 அங்குலத்துக்கு 700 அங்குல-இறாத்தலுக்குக் குறையாத ட்ரில் வேண்டும் என்பது என் அனுபவம். மில்வோக்கி எம்18 ஃபியூவல் வரிசையிலுள்ள, சுத்தியல்போல் குத்தியும் துளைக்கக்கூடிய பெரிய ஹமர் ட்ரில்களில் இது 1,200க்கும் அதற்கு மேலும் இருக்கிறது, அதனால்தான் ஏரியில் அந்தச் சிவப்பு நிறத்தை அதிகம் காண்கிறோம். பழைய பிரஷ் மோட்டார் ட்ரில் ஒன்றில் முதலாவது ஆண்டு நான் முயன்று பார்த்தேன். ஐந்தாவது துளையில் கருகல் மணம் வந்தது, ஏழாவது துளையோடு அந்த ட்ரில்லின் ஆயுள் முடிந்தது.

ஆனால் பலமான ட்ரில்லோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. 1,200 அங்குல-இறாத்தல் என்பது 135 நியூட்டன்-மீற்றர். ஆகரின் அலகு ஐஸின் அடிப்பக்கத்தைத் துளைத்து வெளியேறும் தறுவாயில் திடீரென்று கொளுவிக்கொண்டால், அந்த விசை முழுவதும் ட்ரில்லையே எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். ட்ரில்லின் நடுவிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்திருக்கும் கைக்கு அது ஏறக்குறைய 90 கிலோ எடை இழுப்பதைப் போன்றது. 30 சென்ரிமீற்றர் நீளமான பக்கக் கைப்பிடியின் நுனியைப் பிடித்திருந்தால் அது பாதியாகும். ட்ரில்லோடு பெட்டியில் வரும் பக்கக் கைப்பிடியைப் பலர் பூட்டுவதே இல்லை. கனமான பெற்றோல் ஆகரில் இரண்டு கைகளும் அகலமாகப் பிடித்திருக்கும், அதன் எடையும் சுழற்சியைத் தாங்கும். இங்கே இலேசாக இருப்பதே பாதகமாகிறது. மணிக்கட்டில் ஏற்கெனவே நோவு உள்ளவர்கள், குறிப்பாகத் தொழிற்சாலை வேலையில் கையைக் கெடுத்துக்கொண்ட நம்மவர்கள், இதை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஆகருக்கும் ட்ரில்லுக்கும் இடையில் பூட்டி, இரண்டு கைகளாலும் பிடிக்க வசதி செய்யும் கைப்பிடித் தட்டுகளை க்ளாம் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அது இன்னும் 100 டொலருக்கு மேல் செலவு வைத்தாலும், 8 அங்குலம் பாவிக்கிறவருக்கு அதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது பணத்தைக் கூட்டிப் பார்ப்போம். நான் 6 அங்குல ஆகருக்கு 200 டொலரை ஒட்டிக் கொடுத்தேன். 13 சதவீத வரியோடு 226 ஆனது. இடையில் ஒரு தடவை வெட்டலகுகளை மாற்றியதற்கு வரியோடு 56 டொலர். ட்ரில்லும் இரண்டு பற்றரிகளும் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் கட்டுவதற்காக முன்னரே வாங்கியவை, ஆகவே அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று குளிர்காலங்களில் ஏறக்குறைய 30 நாட்கள் ஏரிக்குப் போயிருக்கிறேன், அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு 10 டொலருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கரையில் குடிப்பதற்கு வாங்கும் கோப்பியும் டோனட்டும் இருவருக்கு அதைவிடக் கூடுதலாகும்.

ட்ரில் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு முற்றாக மாறிவிடும். நல்ல பிரஷ்லெஸ் ஹமர் ட்ரில்லும் இரண்டு 5 அம்பியர்-மணிப் பற்றரிகளும் சார்ஜரும் சேர்ந்த பெட்டி, மலிவு விற்பனை இல்லாத நாளில் நான் பார்த்த விலைப்படி, 450 டொலர் அளவில் போகிறது. ஆகரையும் வரியையும் சேர்த்தால் 730 டொலரைத் தாண்டும். வெட்டலகையும் சேர்த்தால் 800க்கு அருகே வந்து நிற்கும். அந்தத் தொகைக்கு 8 அங்குல முழு மின் ஆகர் ஒன்றே கிடைக்கிறது. அதன் பற்றரி இதற்கென்றே செய்யப்பட்டது, கைப்பிடி அகலமானது, மணிக்கட்டுக்கு ஆபத்துக் குறைவு, மோட்டார் கருகும் பயமும் குறைவு. ஆகவே 200 டொலர் ஆகர் மலிவானது என்ற பேச்சு ட்ரில் ஏற்கெனவே உள்ளவருக்குத்தான் உண்மை. ஐஸில் துளை போடுவதற்காகவே புதிதாக ட்ரில் வாங்க நினைப்பவர், அந்த ட்ரில்லால் ஆண்டின் மற்ற மாதங்களில் என்ன வேலை நடக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அந்த மற்ற மாதங்கள் சிறிய விடயமல்ல. 2023-24 குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு சிம்கோவின் பெரும்பகுதியில் நம்பி நடக்கக்கூடிய ஐஸ் பிடிக்கவே இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய மின் ஆகரும் கூடாரமும் வாங்கி வைத்திருந்தவர்களின் பொருட்கள் கராஜில் பெட்டி பிரிக்காமலே கிடந்தன. என் ஆகரும் சுவரில்தான் தொங்கியது, ஆனால் அதைச் சுழற்றும் ட்ரில் அந்த ஆண்டிலும் வேலிக்கம்பம் நட்டது, அடித்தளத்தில் சட்டம் பூட்டியது, மகளின் அறைக்குப் புத்தகத்தட்டு கட்டியது. குளிர்காலம் இப்படித் தடம் மாறி வரும் காலத்தில், இரண்டு மாதப் பொழுதுபோக்குக்காகவே ஒரு பெரிய கருவியில் பணத்தை முடக்காமல், ஆண்டு முழுவதும் உழைக்கும் ட்ரில்லோடு சின்ன ஆகர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

வெட்டலகுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடர்ந்து வரும் செலவு அதில்தான் இருக்கிறது. லைட்-ஃப்ளைட்டில் இருப்பவை சீவும் வகை. அவை வளைந்து, சவர அலகைப் போலக் கூராக இருக்கும், புதிய ஐஸில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், ட்ரில்லுக்கும் அதிகம் பாரம் கொடுக்காது. ஆனால் கரையோர ஐஸில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் சிறிது பட்டாலும் அவற்றின் கூர் போய்விடும். கே-ட்ரில்லில் இருப்பவை கொத்தும் வகை. அவை ஐஸைச் சீவாமல் உடைத்துக்கொண்டு இறங்குவதால் கொஞ்சம் அதிர்வு கூடுதலாகவும் சத்தம் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் மணலைத் தாங்கும். நேற்று யாரோ போட்டு, இரவில் மீண்டும் உறைந்துபோன பழைய துளையைத் திறப்பதற்கு அவைதான் சரி. சீவும் அலகை அப்படிப்பட்ட துளையில் இறக்கினால் ஒரு பக்கம் மட்டும் கொளுவித் துள்ளும், அந்தத் துள்ளல்தான் மணிக்கட்டைப் பிடிக்கும். கே-ட்ரில்லுக்கு லைட்-ஃப்ளைட்டைவிட 60 முதல் 100 டொலர் வரை கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தாலும், வார இறுதியில் நெரிசலான இடத்தில் பழைய துளைகளைத் திறந்தே மீன்பிடிக்கிறவருக்கு அந்த மிகைச் செலவு இரண்டு ஆண்டுகளில் அலகுக் காசாகத் திரும்பி வந்துவிடும். என்னைப் போல் ஒவ்வொரு நாளும் புதிய இடம் தேடிப் போகிறவருக்குச் சீவும் அலகே போதும். துடைத்து, உலர்த்தி, அலகுறையைப் போட்டு வைத்தால் ஒரு சோடி இரண்டு பருவங்கள் வரும். நனைந்தபடி ஸ்லெட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் மறுநாள் காலையிலேயே துருவின் செம்புள்ளிகளைக் காணலாம்.

ஆகக் கூடிய மலிவைத் தேடி நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள ஆகருக்கு முன்னர், இணையத்தில் 90 டொலருக்குப் பெயர் தெரியாத ஒன்றை வாங்கியிருந்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. தண்டின் மேற்பகுதியில் மட்டும் ஒரு தட்டோ மிதவையோ இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் அதன் பயன் அப்போது எனக்குத் தெரிந்திருக்காது. துளை வெட்டி முடிந்ததும் சுருளில் ஒட்டியிருந்த ஐஸ்கூழைக் கழற்றுவதற்காக, தண்ணீருக்குள் வைத்தே ட்ரில்லை எதிர்ப்பக்கம் சுழற்றினேன். கையால் இறுக்கும் சக் அந்தத் திசையில் தானாகவே தளரக்கூடியது. ஒரு நொடி ட்ரில் இலேசானது. குனிந்து பார்த்தபோது துளையில் கருந்தண்ணீர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. 18 அடி ஆழத்தில் 90 டொலர் போய்க் கிடந்தது. இன்றைக்கு நான் யாருக்கு ஆகர் பார்த்துக் கொடுத்தாலும், மேலே துளையைவிட அகலமான தட்டு இருக்கிறதா அல்லது தண்டு மிதக்குமா என்பதையே முதலில் பார்க்கிறேன். நல்ல பெயருள்ள நிறுவனங்கள் இதை ஏதோ ஒரு வகையில் கவனித்தே செய்கின்றன. கையால் சுற்றும் பழைய ஆகரின் மேற்பாதியைக் கழற்றிவிட்டு, 30, 40 டொலருக்குக் கிடைக்கும் இணைப்பான் ஒன்றின் மூலம் ட்ரில்லில் பூட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிகச் சிக்கனமான வழி அதுதான், நான் மதிக்கும் வழியும்கூட. ஆனால் அந்த இணைப்பானுக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் தட்டைச் சேர்த்துப் பூட்டாமல் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம். எதிர்ப்பக்கச் சுழற்சியை எந்த ஆகரிலும் தொடவே வேண்டாம்.

துளை போடும் முறையும் செலவோடு சம்பந்தப்பட்டதே, ஏனென்றால் ட்ரில் பழுதடைவது பெரும்பாலும் தவறான கையாளலால். ட்ரில்லை முதலாவது கியரில், துளையிடும் நிலையில் வைக்க வேண்டும். ஹமர் நிலையில் வைத்தால் அலகும் கெடும், கியரும் கெடும். மேலிருந்து அழுத்தாமல் ஆகர் தன் எடையிலேயே இறங்குவதற்கு விட வேண்டும். முதலில் வெள்ளைத் தூளாக மேலே வரும். அடிப்பக்கத்தை நெருங்கும்போது தூள் ஈரமாகிச் சாம்பல் நிறமாக மாறும். அந்த நிறமாற்றத்தைக் கண்டதும் நான் இரண்டு கால்களையும் அகட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொள்கிறேன். அடுத்த நொடியில் தண்ணீர் சளக்கென்று ஏறும். அப்போது வேகத்தைக் குறைத்து, மெல்லச் சுழற்றியபடியே ஒரு தடவை மேலே இழுத்தால் கூழின் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். முழு வேகத்தில் இழுத்தால் தண்ணீர் ட்ரில்லின் காற்றுத் துவாரங்களுக்குள் தெறித்து அங்கேயே உறைந்துவிடும். பெற்றோல் ஆகரைப்போல் இது கூழை முழுவதுமாக அள்ளாது. மிச்சத்தை அகப்பையால் வாரத்தான் வேண்டும். இலேசான பிளாஸ்ரிக் சுருளின் குறை என்று இதைச் சொல்லலாம், எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

குளிர் லித்தியம் பற்றரியை அடக்கிவிடும். மறை 15 பாகைக்குக் கீழே போகும் காலைகளில் எனக்குக் கிடைக்கும் துளைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஒரு பற்றரியை ஜக்கெற்றின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, நடந்து முடிந்த பிறகே பூட்டுகிறேன். வீடு திரும்பியதும் உறைந்த பற்றரியைச் சார்ஜரில் போட்டுவிடக் கூடாது. பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பற்றரியின் உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணித்தியாலம் விட்டுவிடுவது நல்லது. பற்றரி ஒன்றின் விலை ஆகரின் விலைக்கு அருகே இருப்பதால் இந்த இரண்டு மணித்தியாலப் பொறுமையும் கணக்கில் சேரும். இதற்கு எதிரே, பெற்றோல் ஆகரின் கார்புரேற்றர் அடைப்பதும், பழைய எரிபொருள் கெட்டுப்போவதும், கூடாரத்துக்குள் இயக்கினால் காபன் மொனொக்சைட் சேர்வதும் பற்றரியில் இல்லை.

இலேசான ஆகருக்கு இன்னொரு பயன் உண்டு, அதை விலையால் அளக்க முடியாது. நடந்து போவதற்கு 10 சென்ரிமீற்றர், அதாவது 4 அங்குலம், தெளிந்த ஐஸ் வேண்டும். பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸின் பலம் அதில் பாதிதான் என்பதால் அங்கே இரு மடங்கு தடிப்பு வேண்டும். இரும்புக் கம்பியால் முன்னே குத்திக்கொண்டு நடப்பதை ஆகர் ஈடுசெய்யாது. ஆனால் ஐம்பது அடிக்கு ஒரு தடவை ஒரு துளை போட்டுத் தடிப்பை அளந்து பார்ப்பது, கனமான கருவியை வைத்திருந்த காலத்தில் நான் செய்யாமல் விட்ட காரியம். இப்போது ஒவ்வொரு தடவையும் செய்கிறேன், என் பிள்ளைகள் என்னோடு வரும் நாட்களில் இன்னும் நெருக்கமாகச் செய்கிறேன்.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். வட ஒன்ராறியோவிலும் மனிற்றோபாவிலும் மாசி கடைசியில் 30 அங்குலத்துக்கு மேல் ஐஸ் தடிக்கும் ஏரிகளுக்குப் போகிறவருக்கு, நீட்டிப்புத் தண்டும் பெரிய பற்றரிகளும் சேர்த்து வாங்கிய பிறகும் ட்ரில் ஆகர் திணறும். அவர் முழு மின் ஆகரையோ பெற்றோல் ஆகரையோ வாங்குவதுதான் சரி. குடும்பமாக ஆறேழு பேர் சேர்ந்து இரண்டு கூடாரம் அடிக்கிறவர்களும் அப்படியே. ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் போகிறவர் எந்த ஆகரையும் வாங்கத் தேவையில்லை. சிம்கோவைச் சுற்றிக் குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் தலைக்கு 70, 80 டொலர் அளவில் வாங்கிக்கொண்டு, ஏரிக்குள் கொண்டுபோய் விட்டு, சூடேற்றிய குடிலில் துளையும் போட்டே கொடுக்கிறார்கள். என் மைத்துனர் போன மார்கழியில் ட்ரில், ஆகர், கூடாரம் என்று 1,200 டொலருக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார். "மச்சான், வருசத்துக்கு எத்தினை நாள் வருவீர்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, மூன்று நாள் என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் குடில் வாடகையோடு நின்றுகொண்டார், மூன்று நாட்களுக்கும் சேர்த்து 240 டொலர் முடிந்தது. அடுத்த ஆண்டு பத்து நாட்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் என்னுடைய 6 அங்குலத்தை முதல் இரண்டு நாளும் அவர் கையில் கொடுப்பதாக இருக்கிறேன், பக்கக் கைப்பிடியைப் பூட்டிய பிறகு.